மூக்கில் நிற்கிற கண்ணாடி

காட்பாடி காந்தி நகரில் கிளம்பி, பாலாற்றுப் பாலம் தாண்டி, கிரீன் சர்க்கிள் வழியாக வேலூர்க் கோட்டைக்குப் போய், உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்த வழியே திரும்புவது என் ஞாயிற்றுக்கிழமை ஓட்டம். 12 கிலோமீட்டருக்கு மேல் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், பாலத்தின் நடுவில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு டிப்பர் லாரி உரசுகிற மாதிரி கடந்து போனது. அது கிளப்பிய தூசி அத்தனையும் என் இடது கண்ணில். நான் போட்டிருந்தது தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகிற பவர் கண்ணாடி. வியர்வையில் அது வழுக்கி வழுக்கி மூக்கு நுனிக்கு வந்திருந்தது. கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற சந்து. தூசியும் வெயிலும் அந்தச் சந்து வழியாகத்தான் வந்தன. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று பாட்டில் தண்ணீரைக் கண்ணில் ஊற்றி ஊற்றிக் கழுவினேன். கண்ணைத் திறக்கவே பத்து நிமிஷம் ஆனது. அன்றைக்கு ஆட்டோ பிடித்துதான் வீட்டுக்கு வந்தேன்.

எனக்கு 46 வயது. வலது கண்ணில் மைனஸ் 4.25, இடது கண்ணில் மைனஸ் 3.75, இரண்டிலும் கொஞ்சம் சிலிண்டர் (கருவிழியின் வளைவு எல்லாப் பக்கமும் ஒரே சீராக இல்லாததற்குப் போடுகிற பவர்). போதாததற்கு வெள்ளெழுத்தும் ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் எதிரே வருகிற ஆள் யாரென்று தெரியாது, போட்டுக்கொண்டால் கடிகாரத்தின் எண் சரியாகத் தெரியாது. பாலத்துச் சம்பவத்துக்கு அப்புறம் ஓடுவதற்கென்றே ஒரு கூலிங் கிளாஸ் தேட ஆரம்பித்தேன். இதுவரை மூன்று வாங்கியிருக்கிறேன். கோட்டைக்குள் காலையில் பார்க்கிறவர்களில் பவர் கண்ணாடி போட்டவர்கள் அடிக்கடி நிறுத்திக் கேட்பார்கள்: "டீச்சர், இது பவரோட வர்றதா? எங்க போட்டீங்க? ஓடும்போது விழலையா?" நின்றுகொண்டு சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. கூலிங் கிளாஸ் என்றாலே நம்மூரில் ஒரு கூச்சம் இருக்கிறது. எம்.ஜி.ஆர். போட்டார், கலைஞர் போட்டார், அது தலைவர்களுக்கு. இல்லையென்றால் கண்புரை ஆபரேஷன் முடிந்து வருகிறவர்களுக்கு. நடுவயதுப் பெண் காலை ஆறரை மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு ரோட்டில் ஓடினால் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். முதல் இரண்டு வாரம் எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மூன்றாவது வாரம் டீக்கடை அண்ணன், "இன்னாம்மா, இன்னைக்குக் கண்ணாடி இல்லாம வந்துகினு கீறே, வெயிலு அடிக்கிதே" என்று கேட்டார். அதோடு அந்தக் கூச்சம் போனது. பெண்கள் யாராவது இதற்காகவே தயங்கிக்கொண்டிருந்தால் தயவுசெய்து தயங்காதீர்கள். கண் நம்முடையது.

வேலூரைப் பற்றி ஒரு பழைய பேச்சு உண்டு. தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை, சாமியில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் கரை தளும்ப ஓடியது, பார்த்தவர்களுக்கு மறக்காது. ஆனால் வருஷத்தில் பெரும்பாலான நாள் பாலாறு மணல்தான், சுற்றியுள்ள மலை மொட்டைப் பாறைதான். ஓடுகிறவர்களுக்கு இது முக்கியம். வெளிச்சம் நமக்கு மேலேயிருந்து மட்டும் வருவதில்லை. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் புற ஊதாக் கதிரில் சுமார் 15 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. பாலாற்று மணலும் மணல்தானே. தொப்பி போட்டிருக்கிறேன், கண்ணாடி எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். தொப்பியின் விளிம்பு மேலே வருவதைத் தடுக்கும். கீழேயிருந்தும் பக்கத்திலிருந்தும் வருவதைத் தடுக்காது. மேகம் போட்டிருந்தாலும் புற ஊதா பெருமளவு இறங்கத்தான் செய்யும்.

பக்கவாட்டு வெளிச்சம் எனக்குப் பெரிய பாடம் நடத்தியது. காட்பாடியிலிருந்து கோட்டைக்குப் போகிற பாதை ஏறக்குறைய தெற்கு நோக்கிப் போகிறது. டிசம்பரில் சூரியன் தென்கிழக்கில் உதிப்பதால் இடது பக்கம் சற்று முன்னாலிருந்து அடிக்கும். மே மாதம் வடகிழக்கில் உதிக்கும், அப்போது அதே பாதையில் இடது தோளுக்குச் சற்றுப் பின்னாலிருந்து அடிக்கும். பின்னாலிருந்து வருகிற வெயில் என்ன செய்துவிடும் என்று நினைத்திருந்தேன். அது கண்ணாடியின் உள்பக்கத்தில் பட்டு, அங்கிருந்து தெறித்து நேரே கண்ணுக்குள் வருகிறது. பாலத்தில் ஒரு நாள் கண்ணாடிக்குள்ளே ஏதோ வெள்ளையாக ஆடுவதைப் பார்த்து, என்னவென்று உற்றுக் கவனித்தால் என் கன்னத்து எலும்பும் இமை மயிரும்! வெயில் பட்ட என் முகத்தையே கண்ணாடி எனக்குக் காட்டிக்கொண்டிருந்தது. இதற்கு இரண்டு வழி. ஒன்று, பக்கம் வரை வளைந்து மூடுகிற பிரேம். இன்னொன்று, லென்சின் உள்பக்கத்துக்கு வெளிச்சத்தைத் தெறிக்கவிடாத ஆன்டி ரிப்ளெக்‌ஷன் கோட்டிங். கடையில் வெளிப்பக்கத்துக் கோட்டிங்கைப் பற்றி நிறையப் பேசுவார்கள். கூலிங் கிளாஸுக்கு வேண்டியது உள்பக்கத்துக் கோட்டிங். கேட்டு வாங்குங்கள்.

இந்த விஷயத்தில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அப்பா. ஒடுகத்தூர் பக்கம் நிலம். முப்பது வருஷத்துக்கு மேல் நெல்லும் வேர்க்கடலையும் போட்டவர். அவருக்கு இரண்டு கண்ணிலும் மூக்கோரத்திலிருந்து சதை வளர்ந்தது. சிவப்பாக, மெல்லிய நரம்போடு, முக்கோணமாகக் கருவிழியை நோக்கி வரும். "எந்நேரமும் மண்ணு உறுத்துற மாதிரியே கீதும்மா" என்பார். வெயில், தூசி, காற்று மூன்றிலும் வருஷக்கணக்கில் நிற்கிறவர்களுக்கு வருவது இது. நம் கிராமங்களில் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். ஆரணி ரோட்டில் இருக்கும் ஷெல் கண் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் 40 படுக்கையோடு திறந்த மருத்துவமனை இருந்த வளாகம் அது. வெளியே காத்திருந்த வரிசையில் பாதிப் பேர் வேட்டியும் துண்டுமாக, வயலிலிருந்து நேரே வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். அப்பா முப்பது வருஷம் நின்ற வெயிலில் நானும் இஷ்டப்பட்டு வாரத்துக்கு நான்கு நாள் போய் நிற்கிறேன், வெறுங்கண்ணோடு. வரிசையில் உட்கார்ந்திருந்தபோது அந்த நினைப்பு வந்தது.

இனி கண்ணாடிக்கு வருகிறேன். கறுப்பு வேறு, புற ஊதாத் தடுப்பு வேறு. கறுப்பாக இருந்தால் கண்ணுக்குப் பாதுகாப்பு என்று நினைத்து பஸ் ஸ்டாண்டு வாசலில் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம். புற ஊதாவைத் தடுக்காத வெறும் கறுப்பைப் போட்டால், இருட்டாக இருக்கிறதென்று கண்மணி விரியும். விரிந்த கண்மணிக்குள் புற ஊதா இன்னும் தாராளமாகப் போகும். வாங்கும் கண்ணாடியில் யூவி 400 என்று இருக்க வேண்டும். 400 நானோமீட்டர் வரையுள்ள கதிரைத் தடுக்கும் என்று அர்த்தம். எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், யார் வேண்டுமானாலும் ஸ்டிக்கர் ஒட்டலாம். நல்ல கண்ணாடிக் கடையில் சோதிக்கிற மெஷின் வைத்திருப்பார்கள், லென்சை அதில் வைத்து ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவார்கள். கள்ள நோட்டு பார்க்கிற ஊதா டார்ச்சில் ரூபாய் நோட்டைக் காட்டினால் நம்பர் எழுத்து மின்னும் இல்லையா, நடுவில் லென்சைப் பிடித்தால் மின்னுவது நிற்கிறதா என்று பார்ப்பதும் ஒரு வழி. ஆனால் மலிவு டார்ச்சுகளில் ஊதா நிற வெளிச்சமும் கலந்தே வருவதால் அது முடிவான சோதனையில்லை. முழுக்க வெள்ளையாக, நிறமே இல்லாத லென்சாலும் புற ஊதாவை முழுக்கத் தடுக்க முடியும் என்பதைக் கடையில் இருந்தபோதுதான் நானே புரிந்துகொண்டேன்.

அப்படியானால் நிறம் எதற்கு? கண் கூசுவது குறைய. எவ்வளவு கறுப்பு என்பதற்கு 0 முதல் 4 வரை தரம் இருக்கிறது. காதில் மாட்டுகிற காம்பின் உள்பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். 0 என்பது வெளிச்சத்தில் 80 சதவீதத்துக்கு மேல் விடுவது. 1 என்றால் 43 முதல் 80 வரை, 2 என்றால் 18 முதல் 43 வரை, 3 என்றால் 8 முதல் 18 வரை. 4 வெறும் 3 முதல் 8 சதவீதம்தான் விடும். அது பனிமலைக்கு ஆனது, அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. கடையில் எல்லோரும் எடுத்து நீட்டுவது 3. மத்தியானம் ஓடுகிறவர்களுக்கு அது சரி. வேலூரில் மத்தியானம் யார் ஓடப்போகிறார்கள்? நாம் அஞ்சரைக்கு இருட்டில் கிளம்பி ஏழரைக்கு வெயிலில் முடிக்கிற ஜனம். புளியமரத்தடியில் வேகத்தடை இருக்கும், அதன் வெள்ளைக்கோடு அழிந்துபோய் வருஷமாகியிருக்கும். வெயிலிலிருந்து நிழலுக்குள் நுழைகிற அந்த இரண்டு நொடியில் 3-ஆம் தரக் கண்ணாடிக்குள் எதுவும் தெரியாது. என் அனுபவத்தில் காலை ஓட்டத்துக்கு 2 போதும். கத்திரி வெயிலில் ஏழு மணிக்கு மேல் ஓடினால் மட்டும் 3.

நிறத்தில் எனக்குப் பிரவுன்தான் பிடிக்கும். சாம்பல் நிறம் எல்லாவற்றையும் உள்ளபடியே காட்டும், கொஞ்சம் மங்கலாக. பிரவுன் கல்லையும் விரிசலையும் எடுப்பாகக் காட்டும். தார் ரோட்டில் ஜல்லி பெயர்ந்த குழி சாம்பல் லென்சில் ரோட்டோடு ரோடாகக் கரைந்துவிடுகிறது, பிரவுனில் அதன் ஓரம் தனியாகத் தெரிகிறது. வெளியே நீலமாகவும் சிவப்பாகவும் மின்னுகிற மிரர் பூச்சு அழகுக்கு.

போலரைஸ்டு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். தண்ணீர், காரின் மேல்மூடி, ஈர ரோடு போன்ற படுக்கைப் பரப்பிலிருந்து தெறிக்கிற பளபளப்பை அது வெட்டும். கோட்டை அகழி ஓரமாகப் போகும்போது தண்ணீரின் மினுக்கம் சட்டென்று காணாமல் போய் உள்ளே பாசி தெரியும், பார்க்கவே ஆச்சரியமாக இருக்கும். ஆனால் மழைக்கு அப்புறம் ரோட்டில் எங்கே ஈரம், எங்கே எண்ணெய் வழிந்திருக்கிறது என்பதை நாம் அந்த மினுக்கத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம். அது போய்விட்டால் வழுக்குகிற இடம் தெரியாது. சில கடிகாரங்களின் திரையும் கையைத் திருப்பும் கோணத்தில் இருண்டுபோகும். மீன் பிடிக்கவும் கார் ஓட்டவும் நல்லது. ஓட்டத்துக்கு அதற்கென்று கூடுதல் காசு தர வேண்டியதில்லை என்பது என் முடிவு.

வெயில் பட்டால் தானாகக் கறுத்து நிழலில் வெளுக்கிற போட்டோகுரோமிக் லென்ஸ்தான் இருட்டில் கிளம்பி வெயிலில் முடிக்கிறவர்களுக்குப் பொருத்தம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. அதில் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். கறுப்பது சீக்கிரம் நடக்கும், வெளுக்க நிமிஷக்கணக்கில் ஆகும். இன்னொன்று, சூடு ஏறினால் அது முழுதாகக் கறுக்காது. குளிர் நாட்டில் நன்றாக இருண்டுபோகிற லென்ஸ் நம்மூர் மே மாதத்தில் பாதியில் நின்றுவிடும். தை, மாசியில் மிக நன்றாக வேலை செய்கிறது. அக்னி நட்சத்திரத்தில் கொஞ்சம் ஏமாற்றும். இது தெரிந்தே வாங்கினால் குறையாகத் தெரியாது.

அடுத்தது மூக்கு. எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் இதுதான். லென்ஸ் எவ்வளவு உசத்தியாக இருந்தாலும், மூக்கில் நிற்காத கண்ணாடி தூசிக்கும் வெயிலுக்கும் வாசலைத் திறந்தே வைக்கிறது. வெளிநாட்டு அளவில் வருகிற பல பிரேம்கள் உயர்ந்த மூக்குத்தண்டுக்கு வார்த்தவை. நம்மில் பலருக்கு அவை மூக்கில் உட்காராமல் கன்னத்தில் உட்காரும். ஓடும்போது வாயால் மூச்சு வாங்கினாலோ யாரையாவது பார்த்துச் சிரித்தாலோ கன்னம் ஏறும், கண்ணாடியும் கூடவே ஏறி இறங்கும். கடையிலேயே வாய்விட்டுச் சிரித்துப் பாருங்கள். குனிந்து தலையை ஆட்டுங்கள். பத்து முறை குதியுங்கள். கடைக்காரர் என்ன நினைப்பார் என்று யோசிக்க வேண்டாம், நான் குதித்தபோது அந்தப் பையன் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டான். மூக்குத் தாங்கி ரப்பராக, விரலால் வளைத்து அகலம் மாற்றுகிற மாதிரி இருப்பது நல்லது. ஈரம் பட்டால் இன்னும் கெட்டியாகப் பிடிக்கிற ரப்பர் வகை இருக்கிறது, அதையே கேளுங்கள்.

இதில் யாரும் சொல்லாத ஒன்று தேங்காய் எண்ணெய். காலையில் தலைக்கு எண்ணெய் வைத்துப் பின்னிக்கொண்டு ஓடப் போனால், இரண்டாவது கிலோமீட்டரில் வியர்வையோடு எண்ணெயும் காதோரம் இறங்கி, எந்த ரப்பரும் நிற்காமல் வழுக்கும். ஓட்ட நாளில் எண்ணெயைச் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டேன். மாட்டல் போடுகிறவர்களுக்குக் காதுக்குப் பின்னால் வளைகிற காம்பு சங்கிலியில் மாட்டும், நேராகப் பின்னோக்கிப் போகிற காம்பே சௌகரியம். எடை 30 கிராமுக்குள் இருந்தால் போட்டிருப்பதே மறந்துபோகும். முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும், ஆனால் இமை மயிர் லென்சில் படக் கூடாது. மேல்பக்கம் காற்று போக மெல்லிய இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் மார்கழியில் சிக்னலில் நின்றதும் ஒரு மூச்சில் லென்சில் ஆவி பூத்துவிடும்.

பவர் உள்ளவர்களுக்கான கதைக்கு இப்போது வருகிறேன். பவர் இல்லாதவர்கள் மேலே சொன்னதோடு கடைக்குப் போகலாம்.

நான் முதலில் வாங்கியது உள்ளே குட்டிக் கண்ணாடி மாட்டுகிற வகை. வெளியே பவர் இல்லாத, நன்றாக வளைந்த கூலிங் கிளாஸ். அதன் உள்பக்கம் மூக்குத்தண்டில் ஒரு சின்ன பிரேம் கொக்கி போட்டு மாட்டும், நம் பவர் அதில்தான். பவர் மாறினால் அந்தக் குட்டியை மட்டும் மாற்றினால் போதும். செலவும் குறைவு. வெளி லென்சை இருட்டுக்கு வெள்ளை, வெயிலுக்குப் பிரவுன் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் லென்ஸ் இரண்டு, துடைக்க வேண்டிய பக்கம் நான்கு. நடுவில் பூத்த ஆவி போக வழியில்லை. என் இமை மயிர் குட்டி லென்சில் பட்டுப் பட்டு, ஒவ்வொரு முறை கண் சிமிட்டும்போதும் வியர்வையை விசிறி மாதிரி இழுத்துவிட்டது. ஆறு மாதம் பொறுத்தேன்.

இரண்டாவது, வளைந்த பிரேமிலேயே நேரடியாகப் பவர் லென்ஸ். இங்கேதான் ஏமாந்தேன். கடையின் பெயர் வேண்டாம். என் பழைய சீட்டை அப்படியே எடுத்து, அதே எண்ணை அந்த வளைந்த பிரேமில் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். போட்டதும் தரை என்னை விட்டு விலகிப் போவது மாதிரி இருந்தது. நேராகப் பார்த்தால் பரவாயில்லை, ஓரத்தில் எல்லாமே வளைந்தது. "போகப் போகப் பழகிடும்" என்றார்கள். நம்பிப் போட்டுக்கொண்டு ஓடி, நான்காவது நாள் ஒரு வேகத்தடையின் உயரத்தைத் தப்பாகக் கணித்து விழுந்தேன். உள்ளங்கையும் முழங்காலும் தேய்ந்தன.

காரணம் என்னவென்று பிறகு இன்னொரு கடையில் பொறுமையாகச் சொன்னார்கள். பவர் எழுதுவது நாம் லென்சின் நடுவில் நேர்க்குத்தாகப் பார்க்கும்போதுள்ள கணக்கு. வளைந்த பிரேமில் லென்ஸ் பக்கவாட்டில் சாய்ந்து உட்காருகிறது, நாம் அதைக் கோணலாகப் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது எழுதாத சிலிண்டர் கொஞ்சம் சேர்ந்துகொள்ளும், பொருள் இருக்கிற இடமும் நகர்ந்து தெரியும். பவர் கூடக் கூட இந்தக் கோளாறும் கூடும். எந்தப் பிரேமானாலும் அதன் சாய்வை அளந்து, அதற்கேற்பக் கணக்கை மாற்றி லென்ஸ் செய்யும் முறை இருக்கிறது. நம் கடை லேபுக்கு அந்த அளவை அனுப்புகிறதா என்பதுதான் கேள்வி. வளைவுக்கு ஒரு எண் உண்டு. சாதாரணக் கண்ணாடி 4, முகத்தைச் சுற்றி வருகிற விளையாட்டுக் கண்ணாடி 8. பவர் 4-ஐத் தாண்டியவர்கள் 8-ஐ விட்டு 6 வளைவுக்குள் தேடுவது நல்லது. பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சம் வரும்தான், அதைப் பிரேமின் அகலமான காம்பு மறைத்துக்கொள்ளும்.

இப்போது போட்டிருப்பது மூன்றாவது. 6 வளைவு, பிரவுன், தரம் 2, உள்பக்கக் கோட்டிங். அளவெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அந்தக் கடை அண்ணன் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பி, கடைக்கு வெளியே நிற்கச் சொல்லி, "தெருக்கோடியில அந்த டிரான்ஸ்பார்மரைப் பாருங்கம்மா, ஓடுற மாதிரி நெனச்சிக்கினு பாருங்க" என்றார். நான் பார்க்க, பிரேமோடு வந்த வெற்று லென்சில் என் கண்மணிக்கு நேரே ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு புள்ளி வைத்தார். பிறகு சற்று நடந்து வரச் சொல்லி மறுபடி பார்த்தார். வலது புள்ளி ஒரு மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. அழித்து மறுபடி வைத்தார். உட்கார்ந்து அளந்த அளவும் நின்று அளந்த அளவும் ஒன்றில்லை என்பது என் கண் எதிரே தெரிந்தது. வாங்கும்போது இப்படி அளக்கிற ஆளைத் தேடிப் போங்கள். பிரேமின் பெயரைவிட இது முக்கியம்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தனியாக ஒன்று. மேலே தூரம், கீழே படிப்பு என்று ஒரே லென்சில் வருகிற புரொகிரஸிவ் போட்டுக்கொண்டு ஓடாதீர்கள். கீழ்ப்பாதி புத்தகத் தூரத்துக்கு ஆனது. ஓடும்போது நாம் தரையை அந்தப் பாதி வழியாகத்தான் பார்க்கிறோம், தரை மங்கும். ஓட்டக் கண்ணாடியில் தூரப் பவர் மட்டும் போடுங்கள். கடிகாரத்தில் எண்ணைப் பெரிதாக்கி, ஒரு திரையில் ஒரே எண் வருகிற மாதிரி வைத்துக்கொண்டேன். அதற்கு மேல் ஓடும்போது படிக்க என்ன இருக்கிறது?

லென்ஸ் எதில் செய்தது என்றும் பாருங்கள். கண்ணாடியால் ஆன லென்ஸ் ஓட்டத்துக்கு வேண்டவே வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் வகைகளான பாலிகார்பனேட்டோ டிரைவெக்ஸோ கேளுங்கள். லாரி டயரிலிருந்து ஜல்லி தெறித்தாலும் இவை எளிதில் உடையாது, இரண்டுமே எடை குறைவு. பாலிகார்பனேட் மலிவு, ஆனால் சீக்கிரம் கீறல் விழும், மேலே ஹார்டு கோட்டிங் அவசியம். டிரைவெக்ஸில் ஓரங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு அதற்கு மேல் சாதா கூலிங் கிளாஸ் போடுவதும் நல்ல வழி. பக்கப் பார்வை முழுதாகக் கிடைக்கும், எந்த வளைவுக் கண்ணாடியும் போடலாம். சிலிண்டர் உள்ளவர்கள் டோரிக் வகை கேட்க வேண்டும். ஓட்டத்துக்கு, ஒரு நாள் போட்டுத் தூக்கிப் போடுகிற வகை மேல். நான் போட்டி நாட்களில் மட்டும் போடுகிறேன். பாலத்துத் தூசி அதற்குள் போனால் வேதனை தாங்காது. முக்கியமாக, லென்ஸ் போட்ட கண்ணில் தண்ணீர் படக் கூடாது. குழாய்த் தண்ணீரிலும் ஏரித் தண்ணீரிலும் இருக்கிற அகந்தமீபா என்ற கிருமி லென்சுக்கு அடியில் தங்கினால் கருவிழியையே கெடுக்கும். அன்று பாலத்தில் பாட்டில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபோது நான் கான்டாக்ட் லென்ஸ் போட்டிருக்கவில்லை. அதை இன்றைக்கும் நிம்மதியாக நினைத்துக்கொள்வேன்.

பராமரிப்பில் ஒன்று மட்டும். நம்மூர் போர் தண்ணீர் உப்பு. கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும், அதைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். நான் கேன் தண்ணீரில் முதலில் தூசியையும் வியர்வை உப்பையும் அலசிவிட்டு, பாத்திரம் தேய்க்கிற திரவச் சோப்பு ஒரு சொட்டு விட்டு விரலால் தேய்த்து, மறுபடி அலசி, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்கிறேன். பனியன் முனையால் உலர்ந்தபடி துடைப்பதை நிறுத்தினேன், அடுத்த லென்ஸ் இரண்டு வருஷம் தாங்கியது. ஸ்கூட்டி டிக்கியில் வெயிலில் விட்டுவிட்டால் கோட்டிங் வெடித்துவிடும், அதையும் கவனியுங்கள்.

முதலில் வாங்கிய கண்ணாடி மேசை டிராயரில் சும்மா கிடந்தது. போன வருஷம் வேர்க்கடலை பிடுங்குகிற சமயம், உள்ளேயிருந்த குட்டிப் பவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெள்ளை லென்சை மாட்டி அப்பாவிடம் கொடுத்தேன். கிட்டப் பார்வைக்கு அவருக்கு வேறு கண்ணாடி இருக்கிறது, தூரத்துக்கு ஒன்றும் தேவையில்லை. "எனக்கு இன்னாத்துக்கும்மா" என்று வாங்கி மாடத்தில் வைத்தார். அடுத்த வாரம் போனபோது கொல்லையில் செடியை உதறிக்கொண்டிருந்தார். புழுதி மேகமாக எழும்பியது. கண்ணாடி முகத்தில் இருந்தது, இரண்டு காம்பிலும் வாழைநார்க் கயிறு கட்டித் தலைக்குப் பின்னால் முடிந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கழற்றித் துண்டால் துடைக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தி, சொம்புத் தண்ணீரை ஊற்றினேன். இந்த மாசம் அவருக்கு ஒரு நல்ல நாடா வாங்கிக்கொண்டு போக வேண்டும், நார் கழுத்தில் அறுக்கிறதாம்.